சிரிப்பு வராத இரவு

வாராவாரம் விரும்பிப் பார்க்கும் நகைச்சுவை நிகழ்ச்சி ஒரு வாரம் நம்மைக் கைவிட்டுவிட்டால், அந்த வருத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? படம் பிடிக்கவில்லை என்றால் சேர்ந்து அலுத்துக்கொள்ள நாலு பேர் கிடைப்பார்கள். கிரிக்கெட்டில் தோற்றால் ஹைதராபாத்தின் உப்பல் மைதானத்திலிருந்து திரும்பும் மெட்ரோ ரயில் முழுக்க அதே பேச்சுதான். ஒரு ஸ்கிட் சரியில்லை என்று முகம் வாடி உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும், "இதுக்கெல்லாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

இதற்கும்தான் என்பது என் எண்ணம். ஒருவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதற்கும், தன் வீட்டுக்கு வரும் மனிதர்களை எப்படி நடத்துகிறார் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு நிகழ்ச்சிக்கு வருடக்கணக்கில் ரசிகராக இருக்கிறோம் என்றால், நம் சிரிப்பை முன்பணமாகவே கொடுத்து வைத்திருக்கிறோம். தொடக்க இசை கேட்டதுமே உதடு விரியத் தயாராகிவிடுகிறது. அந்த நம்பிக்கை உடையும்போது வலிக்கத்தான் செய்யும். வலித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்கு வெகுநாளாக இருக்கும் கேள்வி. சேனலை மாற்றிவிட்டுப் போவதா, நமக்குப் பிடித்தவர்கள்தானே என்று பொறுத்துக்கொள்வதா, வேறு ஏதாவது வழி உண்டா?

நான் இருப்பது ஹைதராபாத்தின் கிழக்கே, ஹப்சிகுடாவில். தார்நாகாவுக்கும் உப்பலுக்கும் நடுவே, மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்கும் சாலையின் இருபுறமும் விரிந்த பகுதி. சாலையோரம் என்ஜிஆர்ஐ என்னும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம். கொஞ்சம் தள்ளி சிசிஎம்பி, ஐஐசிடி. இந்த ஆய்வுக்கூடங்களுக்கு வேலைக்கு வந்தவர்களும் உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர்களுமாகப் பல மாநிலத்து மனிதர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் அடுக்ககத்தில் ஒரு தளத்தில் தெலுங்கு, அடுத்ததில் வங்காளம், அதற்கு மேலே மலையாளம். இரவு ஒன்பதரைக்கு மேல் மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு மொழியில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

நான் தெலுங்கு கற்றதில் அந்தச் சத்தத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காய்கறி வாங்கவும் ஆட்டோவுக்குப் பேரம் பேசவும் தேவையான தெலுங்கு சில மாதங்களில் வந்துவிடும். பேசுகிறவர் ஸ்ரீகாகுளத்துக்காரரா, நெல்லூர்க்காரரா, வரங்கல் பக்கமா என்று பேச்சின் இழுப்பை வைத்தே கண்டுபிடிக்கும் காது அவ்வளவு சீக்கிரம் வராது. எனக்கு அந்தக் காதைக் கொடுத்தது 'ஜபர்தஸ்த்'. 2013 பிப்ரவரியில் ஈடிவியில் தொடங்கியது. நடிகர் நாகபாபுவும், 'செம்பருத்தி' மூலம் நமக்கு அறிமுகமான ரோஜாவும் தொடக்கத்தில் நடுவர்கள். முதலில் அனசூயா, பிறகு ரஷ்மி தொகுத்து வழங்கினார்கள். குழுக் குழுவாக வந்து ஸ்கிட் போடுவார்கள், மதிப்பெண் விழும். சம்மக் சந்திரா, சுடிகாலி சுதீர், கெட்டப் ஸ்ரீனு, ஆட்டோ ராம்பிரசாத், ஹைப்பர் ஆதி என்ற மேடைப்பெயர்கள் தெலுங்குக் குடும்பங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரட்டை அர்த்தம் மிகுதி என்ற விமர்சனம் ஆரம்பத்திலிருந்தே அதன் மேல் இருக்கிறது; அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் ஒரு வட்டாரத்துப் பேச்சை, ஒரு டீக்கடைக்காரரின் உடம்பசைவை, கல்யாண வீட்டுச் சித்தப்பாவின் அலட்டலை அவர்கள் அப்படியே எடுத்து வைத்தபோது, நான் குடியேறிய ஊரின் மனிதர்கள் எனக்குப் புரியத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பிடிபடாத வரிக்கு விளக்கம் சொல்வார். ஓர் ஊரின் நகைச்சுவை புரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே நாம் விருந்தாளி இல்லை.

எனக்கு இந்தப் பழக்கம் முன்பே உண்டு. 2000-களில் விஜய் டிவியில் வந்த 'லொள்ளு சபா' எங்கள் வீட்டில் யாரும் தவறவிடாத நிகழ்ச்சி. ராம்பாலா இயக்கினார். சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர், மாறன், சேஷு என்று ஒரு கூட்டம், பெரிய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதை அட்டை செட்டுக்குள் மறுபடி நடித்துக் காட்டும். பல கோடி செலவழித்து ஊதிய ஒரு கதாநாயகனின் வீரத்தை, மூன்று பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் சேர்ந்து காற்றை இறக்கிவிடுவார்கள். எங்களைவிடப் பல மடங்கு பெரியவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம், அதனால் அந்தச் சிரிப்பில் ஒரு நிமிர்வு இருந்தது. சேஷு 2024 மார்ச்சில் இறந்தபோது செய்திகள் எல்லாம் அவரை 'லொள்ளு சபா சேஷு' என்றே குறிப்பிட்டன. அந்தக் குழுவில் பலருக்கும் நிகழ்ச்சியின் பெயர்தான் இன்றைக்கும் முதலெழுத்து. மக்கள் எவ்வளவு பிரியத்தோடு அவர்களை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இப்படி வளர்ந்த ரசனையோடுதான் ஓர் இரவு, எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு நிகழ்ச்சியின் முன் உட்கார்ந்தேன். இதுவரை சொன்ன இரண்டும் இல்லை. எந்தச் சேனல், எந்த மொழி என்று சொல்வதில் பயனில்லை. அன்று நான் பார்த்தது எல்லா மொழிச் சேனல்களிலும் நடப்பது. பெண் பார்க்கும் படலம். மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்கிறார்கள். புடவை கட்டிய ஆண் நடிகர் ஒருவர், முகத்திலும் கையிலும் கரியை அப்பிக்கொண்டு மணப்பெண்ணாக வருகிறார். மாப்பிள்ளை அலறுகிறார். அவருடைய அப்பா மயங்கி விழுகிறார். பிறகு கரண்ட் போய்விட்டது, தார் டப்பா கவிழ்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாக அந்த முகத்தின் மீது வந்து விழுகின்றன. ஏழெட்டு நிமிடம் இதே கதை. அந்த மணப்பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வசனம்கூட இல்லை. நடுவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதை அடிக்கடி காட்டினார்கள். ஒரே சிரிப்பை இரண்டு இடங்களில் ஒட்டியிருந்தார்கள் என்பது கையிலிருந்த பேனாவின் நிலையைப் பார்த்தாலே தெரிந்தது.

எதிர்வீட்டு அக்காவும் அவர் மகளும் அன்று எங்கள் கூடத்தில் இருந்தார்கள். மகள் டிகிரி படிக்கிறாள். நல்ல கறுப்பு. கரி பூசிய மணப்பெண் திரையில் வந்ததும் முதலில் சிரித்தது அவள்தான். எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். யாரும் தன் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகச் சிரித்த சிரிப்பு அது. சின்ன வயதிலிருந்து அவளைப் பார்த்து வருகிறேன். அவள் மனம்விட்டுச் சிரிக்கும்போது சத்தமே வராது, தோள்தான் குலுங்கும்.

அந்த வாரத்து ஏமாற்றத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்ததற்குக் காரணம் அந்தச் சத்தம்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு ஐந்து ஸ்கிட் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 260 ஸ்கிட். 260 புதிய சூழ்நிலை, 260 முடிவு. உலகம் கொண்டாடும் நகைச்சுவைத் தொடர்கள் பலவும் இந்த வேகத்தில் ஓடியதில்லை. பிரிட்டனின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' மொத்தமே 12 அத்தியாயங்கள். 1975-இல் ஆறு, நான்கு ஆண்டு இடைவெளி விட்டு 1979-இல் ஆறு. 'மான்ட்டி பைத்தான்' குழு 1969-இலிருந்து 1974 வரை எடுத்தது 45. அதிலும் குழுவைச் சேர்ந்த ஜான் கிளீஸ், செய்ததையே திரும்பச் செய்கிறோம் என்று தோன்றி நான்காவது தொடருக்கு முன்பே விலகிக்கொண்டார். அமெரிக்காவில் 1975 முதல் நடந்துவரும் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில், செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுவார்கள். புதன்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். சனிக்கிழமை மாலை பார்வையாளர்களை வைத்து ஒத்திகை நடத்தி, சிரிப்பு விழாத பகுதிகளை ஒளிபரப்புக்கு முன்பே தூக்கிவிடுவார்கள். அவ்வளவு சல்லடை போட்ட பிறகும், அந்த வாரம் சரியில்லை என்று ஐம்பது ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருக்கும் ரசிகர்கள் அங்கே உண்டு.

நம்மூர் சபா நாடகத்துக்கு வேறொரு வசதி இருந்தது. கிரேஸி மோகன் எழுதிய ஒரு வசனத்துக்கு மயிலாப்பூரில் சிரிப்பு விழவில்லை என்றால், அடுத்த சபாவில் அதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. ஒரே நாடகம் வருடக்கணக்கில் மேடையேறி, ஒவ்வொரு ஊரின் சிரிப்பாலும் செதுக்கப்படும். நாம் இன்று ரசிப்பது அந்த நூறாவது வடிவம். தொலைக்காட்சி ஸ்கிட்டுக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாது. ஒரு முறை படம்பிடித்தால் முடிந்தது. நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரத்துக்கு வேறொன்று வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, சோர்ந்துபோன ஓர் அத்தியாயத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. முடிவு கிடைக்காமல் எல்லோரும் சேர்ந்து ஆடி முடிக்கும் ஸ்கிட்டை நான் பாசத்தோடுதான் பார்க்கிறேன். அந்த வாரம் எழுதியவருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். ரசிகர் என்றால் அவ்வளவு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

கரி பூசிய அந்த ஸ்கிட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று நிறைய யோசித்தேன். சேர்க்க முடியவில்லை. சோர்வில்தான் அது பிறந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சோர்ந்த கை எதை எடுக்கிறது என்று பாருங்கள். பெண்டாட்டி, குண்டு உடம்பு, கறுப்பு முகம், திக்கும் நாக்கு, சொட்டைத் தலை. ஒவ்வொரு முறையும் இதே பட்டியல்தான். ஒரு மந்திரியோ பள்ளிக்கூட முதலாளியோ அந்தப் பட்டியலில் வருவதில்லை, அவர்களைக் கேலி செய்ய யோசித்து எழுத வேண்டும். வழக்கு வருமா என்று கேட்க வேண்டும், விளம்பரதாரர் என்ன சொல்வார் என்று பார்க்க வேண்டும். கறுத்த பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. தயாரிப்புக் கூட்டத்தில் அவளுக்காகப் பேச யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

தமிழர்களாகிய நாம் இதில் ஒதுங்கி நின்று பேச முடியாது. 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் பாரி வள்ளலின் மகள்களான அங்கவை, சங்கவை என்ற பெயர்களை இரண்டு பெண் பாத்திரங்களுக்கு வைத்து, கறுப்பு ஒப்பனை பூசி, நாயகன் பார்த்து மிரள்வதற்காக நிறுத்தினார்கள். பட்டிமன்றங்களில் தமிழைக் காதினிக்கப் பேசும் சாலமன் பாப்பையா அவர்களுக்கு அப்பாவாக வந்தார். அதே படத்தில் நாயகன் கதாநாயகிக்காகத் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளப் பாடுபடுவார். கண்டனங்கள் எழாமல் இல்லை. ஆனால் தியேட்டரில் விழுந்த சிரிப்பின் சத்தத்துக்கு முன்னால் அவை யார் காதிலும் ஏறவில்லை. சங்க காலத்திலிருந்து வந்த இரண்டு பெயர்கள், பள்ளிக்கூடங்களில் கறுத்த பிள்ளைகளைக் கேலி செய்யப் பயன்பட்டதை எண்ணினால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

நான் அந்த ஸ்கிட்டைப் பார்த்த இடம் ஹப்சிகுடா என்பதும் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. தக்காணத்தில் ஹப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்; அவர்கள் குடியிருந்ததால்தான் இந்தப் பகுதிக்கு இந்தப் பெயர் என்பார்கள். நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை இருந்த இடம் நகரத்தின் நடுவே இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகர் அரசையே தாங்கி நின்ற மாலிக் அம்பர், 1626-இல் இறக்கும்வரை முகலாயப் படைகளுக்குச் சிம்மசொப்பனமாக இருந்தார். கறுத்த மனிதர்கள் வாளோடு நின்ற தக்காண மண்ணில், நாங்கள் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து, கரி பூசிய முகம் வந்தாலே நகைச்சுவை வந்துவிட்டதாக நினைக்கிறோம்.

புடவை கட்டிய ஆண் என்பதிலும் எனக்குத் தனி வருத்தம் உண்டு. தெலுங்குச் சேனல்களில் இதற்கு 'லேடி கெட்டப்' என்று பெயர். பல ஸ்கிட்டுகளில் அந்த வேடத்துக்கு இருக்கும் ஒரே வேலை அறை வாங்குவது. இந்த மண்ணிலா இப்படி என்று தோன்றும். ஆந்திர மேடையில் ஸ்தானம் நரசிம்ம ராவ் சத்யபாமாவாக வந்தால், பார்க்க வந்த பெண்கள் அவர் புடவை உடுத்தும் விதத்தைக் கவனித்துக் கற்றுக்கொண்டார்கள் என்று பழைய ரசிகர்கள் பேசுவார்கள். 1956-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த குச்சிப்புடி மரபில் வேதாந்தம் சத்யநாராயண சர்மா, அதே சத்யபாமாவின் கர்வத்தையும் ஏக்கத்தையும் ஆடிக் காட்டியபோது, ஆடுவது ஆண் என்ற நினைப்பே சபைக்கு இருக்காதாம். தமிழில் டி.கே. சண்முகம் ஔவையாராக வந்து 'ஔவை' சண்முகம் ஆகிவிட்டார். ஓர் ஆண், பெண்ணின் மனசுக்குள் போய் வருவதற்காக இருந்த வேடம் அது. அதை அடி வாங்கும் பொம்மையாக்கிவிட்டதை நான் அந்தக் கலைக்கு நேர்ந்த இழப்பாகவே பார்க்கிறேன். ஜபர்தஸ்திலேயே சில நடிகர்கள் அந்த வேடத்தில் ஒரு மாமியாரின் நடையை, ஒரு புது மணப்பெண்ணின் தயக்கத்தை வெகு நுட்பமாகக் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். திறமைக்குக் குறைவே இல்லை.

சிரிப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும் மனிதர் டேவ் சாப்பெல். அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர். 2003-இல் தொடங்கிய அவருடைய ஸ்கிட் நிகழ்ச்சி இரண்டே பருவங்களில் உச்சிக்குப் போனது. மூன்றாவது பருவத்தின் படப்பிடிப்புக்கு நடுவில், 2005-இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். 5 கோடி டாலர் ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. போதைப் பழக்கம், மனநோய் என்றெல்லாம் வதந்திகள் பரவின. அடுத்த ஆண்டு ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் அவர் காரணம் சொன்னார். கறுப்பினத்தவரைப் பற்றிய பழைய இழிவுச் சித்திரத்தைக் கேலி செய்வதற்காக, அவரே முகத்தில் கறுப்பு பூசி ஒரு ஸ்கிட்டில் நடித்துக்கொண்டிருந்தார். அப்போது தளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தன்னோடு சேர்ந்து சிரித்ததாக அவருக்குப் படவில்லை. தன்னைப் பார்த்துச் சிரித்ததாகப் பட்டது. ஒரே ஒரு மனிதரின் சிரிப்பு. அதன் தொனி மட்டும்தான் வேறு. இன்னொருவராக இருந்தால் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பார். சாப்பெலுக்குக் காது கூர்மையானது. தன் நிகழ்ச்சியின் மேல் முதலில் ஏமாற்றம் அடைந்த ரசிகர் அவரே என்று சொல்லலாம்.

மேடைக் கலைஞர்கள் எல்லோருக்குமே அந்தக் காது உண்டு. எந்த வரிக்குச் சிரிப்பு விழுந்தது, எங்கே அடங்கியது என்று கேட்டுக் கேட்டுத்தான் அவர்கள் அடுத்த வரியை எழுதுகிறார்கள். அப்படியென்றால் கரி பூசிய மணப்பெண்ணை எழுதியதில் நமக்கும் பங்கு இருக்கிறது. போன வாரம் எதற்குச் சிரித்தோமோ அதைத்தான் இந்த வாரம் பரிமாறுகிறார்கள். யூடியூபில் எந்தத் துண்டுக்குப் பார்வைகள் கூடுகின்றனவோ அதைப் போலவே இன்னொன்று வருகிறது. 1950-களில் அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்பை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் சேர்க்க ஒரு பெட்டியையே செய்தார். சிரிக்க வேண்டிய இடத்தை நமக்கு வேறொருவர் காட்டிக்கொடுப்பது அப்போதிருந்தே நடக்கிறது. நடுவரின் சிரிப்பை இரண்டு இடங்களில் ஒட்டுவதும் அந்தப் பெட்டியின் வேலைதான். அதை மீறி நம் சிரிப்பை நம் கையிலேயே வைத்துக்கொள்வது ரசிகருக்கு இருக்கும் வேலை என்று நான் நினைக்கிறேன். சேனலை மாற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. எழுந்து போய்விட்டால் கணக்கில் ஓர் ஆள் குறையும், அவ்வளவுதான். உட்கார்ந்து, பார்த்து, சிரிக்காமல் இருந்தால் அந்த அறையில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

அன்று அது அக்காவுக்குத் தெரிந்தது. "காமெடியே கதா அக்கா, லைட் தீஸ்கோண்டி" என்றார். விட்டுத் தள்ளுங்கள் என்பதை ஹைதராபாத்தில் இப்படித்தான் சொல்வார்கள். பெருந்தன்மையான சொல், பல நாள் என்னைக் காப்பாற்றிய சொல்லும்கூட. பால்காரர் வராத நாளில், லிஃப்ட் பழுதான நாளில் நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்: "அக்கா, இவர்களுக்கு இதைவிட நன்றாகச் செய்யத் தெரியும். அந்தப் பெண்ணை வாயே திறக்கவிடவில்லையே."

மகள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "நிஜமே ஆன்ட்டி. ஆ பெள்ளிகூத்துரு ஏம் மாட்லாடலேது" என்றாள். மணப்பெண் எதுவுமே பேசவில்லைதான். பிறகு அவளே, தான் அந்த வேடத்தில் இருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று சொல்லத் தொடங்கினாள். மாப்பிள்ளையை எழுந்து நடந்து காட்டச் சொல்வாளாம். பாட்டு வருமா என்று கேட்பாளாம். மயங்கி விழுந்த மாமனாரைப் பார்த்து, இந்தக் குடும்பத்தில் இது பரம்பரை வியாதியா என்று விசாரிப்பாளாம். அக்கா மாப்பிள்ளையின் அம்மாவாக மாறிப் பதில் சொன்னார். நான் தரகராக மாட்டிக்கொண்டேன். விளம்பர இடைவேளை முடிந்து நிகழ்ச்சி மறுபடி தொடங்கியதை மூன்று பேரும் கவனிக்கவில்லை. சுமார் கால் மணி நேரம், ஹப்சிகுடாவின் ஒரு சின்னக் கூடத்தில் நல்ல ஸ்கிட் ஒன்று நடந்தது. அதில் மணப்பெண்ணுக்குத்தான் அதிக வசனம். இது எதையும் சேனல்காரர்கள் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு, தன்னைக் கேலி செய்யும் ஸ்கிட்டைத் திருத்தி எழுதும் உரிமை தனக்கு உண்டு என்று தெரிந்தது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

நல்ல நகைச்சுவைக்கு யாருடைய உடம்பும் தேவையில்லை என்று சொன்னால், பேசுவது சுலபம், எழுதிப் பார் என்பார்கள். எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். கவுண்டமணி, செந்திலை எத்தனையோ படங்களில் உருவத்தை வைத்து வைதிருக்கிறார். ஆனால் 35 ஆண்டுகள் கழித்தும் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் அவர்களுடைய நகைச்சுவை, 1989-இல் வந்த 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழம். ஒரு பழமும், ஒருவரின் அசைக்க முடியாத தர்க்கமும், இன்னொருவரின் பொறுமை இழப்பும்தான் அதில் இருப்பவை. தெலுங்கில் ஜந்தியாலா அப்படி எழுதினார். 1987-இல் அவர் இயக்கிய 'அஹ நா பெள்ளன்ட்ட' படத்தில் கோட்டா சீனிவாச ராவின் கஞ்சத்தனத்தை இன்றும் தெலுங்கு வீடுகளில் உதாரணம் காட்டிப் பேசுகிறார்கள். பிரம்மானந்தம் ஊருக்குத் தெரிந்த முகமானதும் அந்தப் படத்தில்தான்.

இதற்கெல்லாம் மேலாக எனக்கு நம்பிக்கை தந்தது 'பலகம்'. 2023 மார்ச்சில் வந்தது. இயக்கியவர் வேணு எல்தண்டி, சிரிசில்லாக்காரர், ஜபர்தஸ்தில் குழுத் தலைவராக ஸ்கிட் போட்டு மக்களுக்குப் பழக்கமானவர். தெலங்கானா கிராமம் ஒன்றில் கொமுரய்யா என்ற தாத்தா இறந்துபோகிறார். காரியத்துக்கு வைத்த சோற்றைக் காகம் தொட மறுக்கிறது. பிரிந்து கிடக்கும் பிள்ளைகளும் மகளும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்து, பழைய சண்டையைத் தூசு தட்டி எடுக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு மூலம், வெகுகாலத்துக்கு முன்பு ஒரு விருந்தில் மருமகனின் தட்டில் விழாமல் போன நல்லி எலும்பு. சாவு வீட்டில், ஒரு நல்லி எலும்புக்காக வளர்ந்த வீம்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்போம். சட்டென்று நம் பெரியப்பா வீட்டுக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது என்று நினைவு வந்துவிடும். தெலங்கானாவின் ஊர்களில் திறந்தவெளியில் திரை கட்டி, ஊரே சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தது. முடிவில் புடக ஜங்காலு கலைஞர்களான மொகிலய்யாவும் கொமுரம்மாவும் பாடும்போது பார்த்தவர்கள் தேம்பி அழுதார்கள்.

இந்தப் படத்தை எடுத்தவர், வாரம் தவறாமல் சிரிக்கவைத்தே ஆக வேண்டும் என்ற அதே நெருக்கடிக்குள் வேலை செய்தவர். அவசரம், அட்டை செட், மதிப்பெண், ஒட்டிய சிரிப்பு எல்லாவற்றையும் தாண்டி, மனிதர்களைக் கவனிக்கும் பழக்கம் அவரிடம் அப்படியே இருந்திருக்கிறது. அதனால் யாராவது என்னிடம், டிவி ஸ்கிட்டிடம் போய் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்டால் நான் தயங்குவதில்லை. முடியாதவர்களிடம் நான் எதையும் கேட்கவில்லை. அந்த மேடைகளில் இருப்பவர்களுக்கு இது முடியும் என்று பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.